கரண்ட் வைத்ததை நாம் சொல்லவில்லை

என் உயிருக்கு உயிரான முருகேசண்ணாவுக்கு,

கோபத்தில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

சிப்காட்டில் ஸ்பேனர் நழுவி உன் கீழ்ப்பல் தெறித்தபோது, கம்பெனி செலவிலேயே தாடை எலும்பில் ஸ்க்ரூ முடுக்கிப் பல் கட்டிக் கொடுத்தார்கள். "ஊருக்கெல்லாம் நான் ஸ்க்ரூ முடுக்கினேன், இப்ப எனக்கே முடுக்கிட்டாங்க பாரு" என்று இளித்துக்கொண்டு திரிந்தாய். மூன்று வருடம் கழித்து நாக்கின் ஓரத்தில் புற்று வந்தது. பெங்களூரில் கதிர் சிகிச்சை கொடுத்தார்கள், நம் பேச்சில் கரண்ட் வைத்தார்கள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் முகம் சுளித்தார். ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் படம் கோடு கோடாகக் கலங்கியிருக்கிறது, உலோகத்தில் பட்டுத் தெறிக்கிற கதிர் பக்கத்துச் சதையைக் கூடுதலாக வேகவைக்கும் என்றார். வேகத்தான் செய்தது. ராகிக் கஞ்சிகூட இறங்காமல் நீ தவித்ததை மறப்பேனா? ஆனாலும் புற்று போய்விட்டது, நீ ஷிஃப்ட்டுக்குத் திரும்பினாய்.

இவ்வளவு சொன்ன டாக்டர் ஒன்றை மட்டும் ஏன் சொல்லவில்லை? கரண்ட் பட்ட தாடையில் எங்களைக் கேட்காமல் யாரையும் கை வைக்க விடாதே என்று? பிற்பாடு நான் சண்டை போட்டபோது டிஸ்சார்ஜ் சீட்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில், இங்கிலீஷில், ஒரே ஒரு வரி. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுகிற குடும்பம் நாம். அதில் ஒரு பாஷையிலாவது வாயால் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்திருக்கும்?

ஒரு வருடத்தில் ஸ்க்ரூ ஆட ஆரம்பித்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த பல் டாக்டரிடம் போனோம். எனக்குப் பார்த்திருந்த கிருஷ்ணகிரி மாப்பிள்ளை வீட்டுக்கு அவர் வேண்டப்பட்டவர். கிளம்பும்போதே அம்மா சொன்னாள்: "கரண்ட் வச்சத அங்க ஒளறி வைக்காதீங்க. பல்லுக்குத்தான போறீங்க? கேன்சரு வந்த குடும்பம்னு தெரிஞ்சா சம்மந்தம் நிக்குமா?"

டாக்டர், "சுகர் இருக்குதா, பிபி இருக்குதா?" என்றார். இல்லை என்றாய். வேறெதுவும் அவர் கேட்கவில்லை. உன் கழுத்துத் தோல் கறுத்துக் கிடந்தது அவர் கண்ணில் படவில்லையா? நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்துவிட்டார்.

அந்தக் குழி ஆறவே இல்லை. கதிர் பட்ட எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துபோகும், கீறினால் ஆறாது என்று அப்புறம்தான் சொன்னார்கள். எலும்பு செத்து வெளியே தெரிந்தது, சீழ் ரத்தத்தில் கலந்தது. கடைசிவரை புற்று திரும்பி வரவில்லை, அண்ணா. உன்னைக் கொண்டுபோனது அந்தக் குழிதான்.

நீ போன மறுவருடம், அந்தச் சம்பந்தமே முடிந்து எனக்குக் கல்யாணம் நடந்தது. போன வாரம் மனசு தாங்காமல் மாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "ஒம் மாமாவுக்கும் தொண்டையில கரண்ட் வச்சிருக்குதும்மா. தெரிஞ்சா நீங்க பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு நாங்களும் சொல்லல" என்றார்.

அழுவதா, சிரிப்பதா, நீயே சொல்.

மாமனாருக்கு இப்போது கடைவாய்ப் பல்லில் வலி. திங்கட்கிழமை அதே டாக்டரிடம் போகிறோம். "பல்லக் காட்டிட்டு வந்துருங்க, மத்தது எதுக்கு?" என்று மாமியார் கெஞ்சுகிறார். நான் கேட்கப்போவதில்லை. டாக்டர் இடுக்கியைத் தொடும் முன்னால், வெளியே காத்திருக்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி, இவருக்குக் கரண்ட் வைத்திருக்கிறது என்று சொல்வேன். உனக்கும் வைத்திருந்தது என்று சொல்வேன்.

அன்றைக்குப் பேசாமல் இருந்துவிட்ட
உன் தங்கச்சி,
கௌரி