தூரத்துப் பந்து முதலில்

கண்ணு,

உன் பெரியவன் சுந்தரம் இன்ஜினியரிங் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறிவிட்டான். வடக்கே ஏதோ பெரிய அணை கட்டுகிறார்களாம், அங்கே வேலை கிடைத்துப் போயிருக்கிறான். கமலா எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாள். கணக்கில் அவளை அடிக்க ஆள் இல்லை என்று டீச்சரம்மா வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனாள். சின்னவன் பாலு ஓட்டப் பந்தயத்தில் வெள்ளிக் கிண்ணம் வாங்கினான். இப்போது எனக்கு மோர் வருவது அந்தக் கிண்ணத்தில்தான். ஐந்தாவது வரைக்கும் படித்தவளுடைய பேரப்பிள்ளைகள் இவர்கள். தெருவில் கேட்டவர்களுக்கும் சொல்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்லாமல் எப்படி இருப்பது?

இன்றைக்கு எழுத உட்கார வைத்தது ஒரு வாசனை. உன் பெண்சாதி பரணை ஒழித்தாள். உன் கோல்ப் பூட்சு வந்தது, அடியில் ஆணி வைத்தது. அதை வாசல்படியில் தட்டினாள். ஆணிகளுக்கு நடுவே இறுகிக் கிடந்த கருமணல் உதிர்ந்தது. இத்தனை வருஷம் ஆகியும் அதில் எண்ணெய் வாசனை போகவில்லை. அவள் பூட்சை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அந்த மணலை விரலால் தொட்டு முகர்ந்துகொண்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நீ வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் வருவது அந்த வாசனைதான். நந்தனம் பக்கத்து மைதானத்தில் துரையோடு ஆடிவிட்டு வருவாய். துரை என்றால் உன் மேலதிகாரி, தண்ணீர் இலாகாவுக்கே தலைவர். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு மூன்றுக்கும் குழாய்த் தண்ணீர் விடும் பொறுப்பு உன்னுடையது. அவருக்கு அடுத்த நாற்காலி. அவர் சீமைக்குத் திரும்பினால் அந்த நாற்காலியும் உனக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் கூப்பிட்டார் என்றுதான் நீ அந்த விளையாட்டுக்கே போனாய். போகப் போக உனக்கே பிடித்துப்போயிற்று.

இலை போட்டு உட்கார வைத்து நான் விசாரணை நடத்துவேன்.

"இதுல ஜெயிக்கிறது எப்படிடா?"

"குறைச்சலா அடிச்சுப் பந்தைக் குழியில போடுறவன்தாம்மா ஜெயிப்பான்."

"அப்ப அடிக்கவே போவாம வீட்டுல படுத்துக் கெடந்தா இன்னும் நல்லா ஜெயிக்கலாமே!"

உனக்குப் புரையேறியது. தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்து, நானும் சிரித்தேன்.

அந்த எண்ணெய் மணலைப் பற்றியும் நீதான் சொன்னாய். நம் ஊர் வெயிலில் குழியைச் சுற்றிப் புல் நிற்காது, அதனால் மணலில் எண்ணெய் கலந்து மெத்தையாகப் பரப்பி வைப்பார்கள் என்று. அதன் மேல் நடந்து ஆடியவன் போகும்போது தன் கால்தடத்தைத் தானே இழுத்துச் சமன் செய்துவிட்டுப் போக வேண்டுமாம். "பின்னால வர்றவனுக்கு நம்ம தடம் இடைஞ்சலா இருக்கக் கூடாதும்மா. ஆபீஸ்லயும் அப்படித்தான் இருக்கணும்" என்றாய். ஆபீசில் நடப்பது எதுவானாலும் உனக்கு அந்த மைதானத்தில் ஒரு கணக்கு இருந்தது.

இன்னொரு நாள் என்னையே கேட்டாய். நாலு பந்து நாலு இடத்தில் கிடந்தால் யார் முதலில் அடிப்பது என்று.

"குழிக்குக் கிட்ட இருக்கிறவன்தான். சட்டுனு முடிச்சிட்டுப் போவட்டும்."

"இல்லம்மா. எவன் பந்து ரொம்பத் தூரத்துல கெடக்குதோ அவன்தான் முதல்ல. துரையா இருந்தாலும் கோலைக் கையில புடிச்சிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

வெள்ளைக்காரன் காத்துக்கொண்டு நிற்கிற விளையாட்டா, அப்படியானால் நல்ல விளையாட்டுதான் என்றேன்.

யுத்தம் முடிந்த மறு கோடையில் ஊருக்குத் தண்ணீர் தரும் ஏரி வற்றியது. குழாயில் நாளைக்குச் சில மணி நேரம்தான் தண்ணீர். பெரிய குழாய்க்குப் பக்கத்தில் இருந்த தெருக்கள் முதலில் பிடித்துக்கொள்ளும். நம் தெருவும் அதில் ஒன்று. எனக்கு ஒரு குறையும் இல்லை. "என் பிள்ளை இருக்கிற வரைக்கும் இந்தத் தெருவுல குடம் காயாது" என்று எதிர்வீட்டு அம்புஜத்திடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒரு நாள் காலையில் மீன்கூடையோடு தேசம்மா வந்தாள். அடையாறு கடலில் கலக்கிற இடத்துக் குப்பத்துக்காரி. கூடையை இறக்கியதும் இறக்காததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா ஆயா, உம் புள்ள தண்ணி ஆபீசராமே? எங்க கொயாயில காத்துதான் வந்துக்கினு கீது. காத்த இன்னா பண்றது, கொயந்திக்கு ஊத்தவா? எதுத்தாப்புல கடல்ல அம்மாந் தண்ணி கீது, அத்தயா குடிக்கிறது?"

நீ உள்ளே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உன் கை இலையிலேயே நின்றுவிட்டதை நான் பார்த்தேன்.

அடுத்த வாரம் நம் குழாயில் காலையில் தண்ணீர் வரவில்லை. பத்து மணிக்கும் வரவில்லை. உச்சி வெயிலில் வந்தது. மறுநாளும் அப்படியே. அம்புஜம் வாசலில் நின்று குரல் கொடுத்தாள்.

"ஏன் மாமி, உங்க பிள்ளை தண்ணி ஆபீஸ்லே இருக்காரா, தண்ணி இல்லாத ஆபீஸ்லே இருக்காரா? எங்காத்துல குடத்தையெல்லாம் கவுத்துண்டு உக்காந்திருக்கோம்!"

தெருவே சிரித்தது. சாயங்காலம் நீ செருப்பைக் கழற்றும் முன்பே நான் பாய்ந்தேன். நீ முகம் கழுவி வந்து நிதானமாகச் சொன்னாய். பெரிய குழாய்க்குப் பக்கத்துத் தெருக்களின் குழாய்த் திருகுகளை விடிகாலையில் மூடி வைத்து, குழாயின் கடைசியில் இருக்கிற குப்பத்துக்கு முதலில் தண்ணீர் விடுகிறார்கள், அங்கிருந்து ஒவ்வொரு தெருவாகத் திரும்பி வந்து நம் தெரு கடைசி, இந்த உத்தரவைப் போட்டது நீதான் என்று.

"பெத்தவ வீட்டுக்குக் கடைசியாடா?"

"நம்ம பந்து குழிக்குப் பக்கத்துல கெடக்குதும்மா. நாம கொஞ்சம் நிக்கலாம்."

எனக்குக் கோபம் அடங்கவில்லை. காலிக் குடத்தை நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனேன்.

பங்களாக்காரர்கள் சும்மா இருப்பார்களா? துரையிடம் மனு மேல் மனு. ஒரு சனிக்கிழமை மைதானத்தில் மர நிழலில் நிறுத்தி, அந்த உத்தரவை எடுத்துவிடு என்று அவர் சொன்னாராம். தூரத்தில் இருப்பவன்தான் முதலில் என்று நீங்கள்தானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று நீ கேட்டாயாம். அது விளையாட்டு என்றாராம் அவர்.

"விளையாட்டுக்கே அந்த நியாயம் இருக்கும்போது, தாகத்துக்கு வேணாமா சார்னு கேட்டேம்மா. அப்புறம் அவர் ஆடவேயில்லை. கோலை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

திங்கட்கிழமை உன்னைக் கூப்பிட்டு இரண்டில் ஒன்று என்றார். உன் கையாலேயே உத்தரவை ரத்து செய்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் மலையடிவாரத்து அணை வேலைக்குப் போக வேண்டும். அங்கே காட்டுக் காய்ச்சல் என்று ஊருக்கெல்லாம் தெரியும். போனால் அந்தப் பெரிய நாற்காலியும் இல்லை.

அன்று ராத்திரி நானும் உன் பெண்சாதியும் உன்னை விடவில்லை. மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரு கையெழுத்துதானே, போட்டுவிட்டு இங்கேயே இரு என்று நான் உன் தாடையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

"வேணும்னா அவரே ரத்து பண்ணட்டும்மா. என் கையால பண்ணிட்டு, நாளைக்கு அந்த மீன்காரம்மா வந்தா நான் எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இட்லி சாப்பிடுவேன்?"

அணை வேலைக்குப் போய்விட்டாய்.

துரை அந்த உத்தரவை ரத்து செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நமக்குச் சுதந்திரம் வந்தது, அவர் கப்பலேறிவிட்டார். அவர் இடத்துக்கு வந்தவரும் அதில் கை வைக்கவில்லை. நீ இல்லாமலே குப்பத்துக்கு விடிகாலையில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நமக்கு உச்சிவேளையில் வந்தது.

அதற்கடுத்த கோடையில், ஒரு மாலை, தந்தி வந்தது. மறுநாள் விடிந்ததும் உன்னை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

கண்ணு, அன்றைக்கு உன்னைக் குளிப்பாட்ட வீட்டில் தண்ணீர் இல்லை. கிணற்றில் சேறு. அண்டாவில் அடியில் கொஞ்சம். குழாய் வர மத்தியானம் ஆகும். வெயில் ஏறுகிறது, காய்ச்சலில் போன உடம்பு, வைத்திருக்க முடியாது என்று உன் சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் இலாகா அதிகாரியின் வீடு. எனக்கு அழக்கூட வரவில்லை.

அப்போது தெருமுனையில் பெண்கள் வந்தார்கள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. முன்னால் தேசம்மா. கூடை இல்லாமல் அவளை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன். குடங்களில் வேப்பிலை போட்டு, சிந்தாமல் அத்தனை தூரம் நடந்து வந்திருந்தார்கள்.

"நேத்தே சேதி வந்துச்சி ஆயா. உங்க தெருவுக்கு மத்தியானந்தான் வரும்னு எங்களுக்குத் தெரியாதா இன்னா? அதான் கொயாய் வந்ததும் புடிச்சிக்கினு வந்துட்டோம். நைனாவுக்கு ஊத்துங்க."

குடத்தை வாங்க உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. சித்தப்பா என் காதருகே வந்தார்.

"அண்ணி, குப்பத்துத் தண்ணி. சொந்தக்காரங்க எல்லாம் பாக்கிறாங்க. கடைசிக் குளியலுக்கு..."

"அவன் அனுப்பின தண்ணி அது. ஊத்துங்க" என்றேன்.

என் குரல் தெருவரைக்கும் கேட்டதாம். அம்புஜம் பிற்பாடு சொன்னாள். முதல் குடத்தை அவள்தான் வாசலில் கைநீட்டி வாங்கினாள். மற்றக் குடங்களைச் சித்தப்பாவே ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வந்தார்.

உன்னைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன். ஆனால் அந்த ஒரு கையெழுத்தைப் போட்டிருந்தால் இந்த வாசல்படியில் நீ உட்கார்ந்திருப்பாயே என்ற நினைப்பும் என்னை விட்டுப் போகவில்லை. நீ செய்தது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பெற்ற வயிறு கேட்க மாட்டேன் என்கிறது. இரண்டையும் ஒன்றாகத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றை இறக்கி வைத்தால் மற்றது தனியாக நிற்காது போலிருக்கிறது.

இப்போது உன் பிள்ளையும் ஓர் அணைக்கட்டுக்குத்தான் போயிருக்கிறான். போகாதே என்று நான் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வேன்? கொசுவலையை மட்டும் இரட்டையாகத் தைத்துக் கொடுத்தேன். அவனுக்கு மேலே யார் இருக்கிறார்கள், கீழே யார் இருக்கிறார்கள், அவன் முன்னால் என்ன காகிதத்தை நீட்டப் போகிறார்கள், ஒன்றும் தெரியாது. உன் மூக்கு அவனுக்கு. உன் பிடிவாதமும் அப்படியே வந்திருக்கிறது.

உன்னுடைய படம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மைதானத்தில் துரையோடு நிற்கிறாய். தொப்பி நிழலில் கண் இரண்டும் மறைந்துவிட்டது. அணைக்கட்டுக்குப் போனபோது ஒன்று எடுத்து அனுப்பு என்று கேட்டிருக்கலாம். திரும்பி வரப்போகிற பிள்ளைதானே என்று கேட்காமல் விட்டேன். அதனால் சுந்தரத்துக்கு இன்றைக்கே எழுதப் போகிறேன். போன மாதம் அனுப்பிய படத்தில் நீயும் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறாய், அது இருக்கட்டும் ராசா, புதுசாக ஒன்று எடுத்துத் தபாலில் போடு, தொப்பியைக் கழற்றிவிட்டு, முகம் நன்றாகத் தெரியும்படி.