இருபத்தாறு நாள்

ஆனைமலை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள புஷ்பமேரிக்கு,

பிரான்சிஸ் எழுதுவது. நானும் நம் இளவேனிலும் சுகம். குவைத்தில் உனக்குக் கால் வீக்கம் குறைந்ததா? போனில் பேசினால் பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் பாத்திமுத்து அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ அனுப்பிய பணத்தில் வாங்கிய மாடுகள் இரண்டும் நன்றாகக் கறக்கின்றன. ஊரில் எனக்கு மரியாதைகூடக் கூடியிருக்கிறது.

நேற்று சாயங்காலம் பூஜிதா டீச்சர் வருகைப் பதிவேட்டோடு வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏனுங்க, இளவேனில் ரெண்டு மாசத்துல இருபத்தாறு நாள் வரலைங்க" என்றார். வேறு யாரோ பிள்ளையைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பெயரைக் காட்டினார்.

நான் விடியும் முன்பே தோப்புக்குத் தேங்காய் உரிக்கப் போய்விடுகிறேன். அவள் சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருவதற்குள் பஸ் போய்விடுகிறது. புல் அறுக்க ஆள் வராத நாளில், "இன்னைக்கு ஒரு நாள் இருந்துக்க கண்ணு" என்று நானேதான் சொல்லியிருக்கிறேன். அது இத்தனை நாளா?

நாம் இருவரும் கூலிக்குப் போனபோது வீட்டில் ஒரு கோழிகூட இல்லை. அப்போது அவள் ஒரு நாளும் பள்ளிக்கூடம் தவறியதில்லை. பக்கத்து வீட்டு மாசாணத்துக்கு இன்றைக்கும் ஒன்றுமில்லை. அவன் மகள் தினமும் போகிறாள். நாலு காசு வந்த நம் வீட்டில்தான் பிள்ளை நின்றிருக்கிறாள். இன்னும் நம்ப முடியவில்லை.

டீச்சர் போன பிறகு அவளைக் கேட்டேன். அழுவாள் என்று பார்த்தால் சிரிக்கிறாள். "மூணாவது மாடு வாங்கினா நான் முழுசா நின்னுக்கறனுங்கப்பா. அம்மா சீக்கிரம் ஊட்டுக்கு வந்துருவாங்கல்ல" என்றாள். பன்னிரண்டு வயது, புஷ்பம். தொழுவத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இன்று வேலைக்குப் போகவில்லை. நானே கறந்து ஊற்றிவிட்டு அவளை பஸ் ஏற்றிவிட்டேன். தினமும் இப்படி முடியாது. ஒரு மாட்டை விற்றுவிடலாமா? நீ அடுத்தவர் வீட்டில் பாத்திரம் கழுவி வாங்கியது. உன்னைக் கேட்காமல் கயிற்றை அவிழ்க்க மாட்டேன். இன்னொரு மாட்டுக்காக மேலும் ஒரு வருஷம் இருப்பதாகச் சொன்னாயே, அது மட்டும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அவளை ஒன்றும் சொல்லாதே. திட்டுவதானால் என்னைத் திட்டு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்கிறேன். மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
பிரான்சிஸ்