பார்சல் விலகிய மூன்று விநாடிகள்

மைசூர் மைன்ஸ்,
திங்கட்கிழமை.

அன்புள்ள பல்லவிக்கு,

நேற்று ஆண்டர்சன்பேட்டையில், அட்டைப்பெட்டிக் கடை வாசலில், என் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினாய். அத்தனை நேரமும் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வரி. உன் விண்ணப்பத்தை நிராகரித்தவள் நான்.

ஆட்டோவில் கால் மணி நேரத் தொலைவில் இருந்துகொண்டு தபாலில் எழுதுகிறாளே என்று நினைப்பாய். பாலகாட்டில் உன் வீட்டுக்கு நேரில் வந்தால் நீ டீ போடப் போவாய், கிரிஷ் நாற்காலியை இழுத்துப் போடுவான், நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். போனில் எழுதி அனுப்பினால், நீ பார்ப்பதற்குள் அழித்துவிடுவேன். தபால் பெட்டியில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான்.

வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. நீ கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயை அம்மா தினமும் தொட்டுக்கொண்டு, தினமும் உப்பு அதிகம் என்கிறாள்.

பெங்களூரில் எனக்கு என்ன வேலை என்று நீ கேட்டபோதெல்லாம் டேட்டா என்ட்ரி என்றுதான் சொல்லியிருக்கிறேன். அது பொய். இணையத்தில் விற்பவர்களுக்குத் திரும்பி வரும் பொருள் உடைந்திருந்தால், அவர்கள் பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, நஷ்டம் தங்கள் தலையில் விழாமல் பாதுகாப்புக் கேட்பார்கள் இல்லையா? நீ அனுப்பியதும் அதுதானே. அந்த வீடியோக்களைப் பார்த்து, ஏற்பதா நிராகரிப்பதா என்று அழுத்துவதுதான் என் வேலை. ஒன்றுக்கு ஆறு நிமிடம். வெளியே சொல்லக்கூடாது என்று சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதை ஒரு சாக்காகவும் வைத்துக்கொண்டேன். நான் எதையும் சுலபமாகச் சொல்கிறவள் இல்லை, உனக்குத் தெரியும்.

நாள் முழுவதும் யார் யாருடைய வீட்டையோ பார்த்துக்கொண்டிருப்பேன். தரை, குக்கர் சத்தம், தூளியில் ஆடும் குழந்தையின் கால். கதைகளில் வரும் வீடுகளைப் போலத்தான் அவையும். ஆறு நிமிடத்தில் மூடி வைத்துவிடலாம்.

போன வியாழக்கிழமை உன் வீடு வந்தது. பெயரைப் படிப்பதற்கு முன்பே பச்சைச் சிமெண்டுத் தரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். விற்பவர் தெரிந்தவர் என்றால் அந்த விண்ணப்பத்தை வேறொருவருக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. திரையின் வலது மூலையில், நீல நிறத்தில். நான் அதை அழுத்தவில்லை. உன் வீட்டைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

நான்கு நிமிடம் பதினொரு விநாடி. பார்சலை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டினாய். "பாருங்க சார், ஆறு பக்கமும் பாருங்க. ஏழாவது பக்கம் ஒண்ணு இருந்தா அதையும் காட்டுவேன், எங்க வூட்ல ஒளிவு மறைவு கெடையாது" என்றாய். கிரிஷ் சிரித்துவிட்டான். சிரித்தவன், கையிலிருந்த போனை அப்படியே உன் முகத்துக்குத் திருப்பினான். மூன்று விநாடி. படத்தில் பார்சல் இல்லை, நீ மட்டும்தான் இருந்தாய். பிறகு நீ "அய்யோ, பொட்டியப் புடிங்க" என்று அதட்டியதும் போன் கீழே இறங்கியது.

அப்புறம் பிரித்தாய். கிரிஷ் சட்டம் போட்ட நீள்வட்டக் கண்ணாடி, விளிம்பிலிருந்து குறுக்கே விரிசல். விரிசலின் இரண்டு பக்கமும் போனைப் பிடித்துக்கொண்டிருந்த அவன் தெரிந்தான். கண்ணாடி உடைந்திருக்கிறதே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கைய எடு பல்லவி, கைய எடு, குத்திடப் போவுது" என்றான். உங்களுக்குப் பின்னால், அலமாரியில், பசை டப்பாவுக்குப் பக்கத்தில் பழுப்பு அட்டை போட்ட என் ரஷ்யக் கதைத் தொகுப்பு இருந்தது.

அந்த வீடியோவை நான்கு முறை பார்த்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கல்யாணத்துக்கு முன்பு கிரிஷ் என்னிடம் புத்தகம் வாங்கிப் படிப்பான். பிடித்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுப்பான். அவன் போன பிறகு நான் அந்தக் கோடுகளைத் தேடிப் படிப்பேன். அவ்வளவுதான் நடந்தது. அவனுக்கு எதுவும் தெரியாது, நான் எதுவும் சொன்னதில்லை. ஒருநாள் நீயே வந்து அவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாய். அப்போதும் உன் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷம் என்றேன். கடைசியாக வாங்கிய புத்தகத்தை அவன் திருப்பிக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பொறாமையைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அங்கெல்லாம் அது கத்தும், எரியும், கத்தியை எடுக்கும். எனக்கு வந்த பொறாமை விதிப் புத்தகத்தோடு வந்தது. பார்சல் ஒரு கணமும் படத்தை விட்டு விலகக் கூடாது என்பது விதி. ஐந்து விநாடிக்குள் என்றால், சூழ்நிலையைப் பார்த்து விட்டுவிடலாம் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. மற்றவர்களுக்கு நான் எப்போதும் விட்டுவிடுவேன். நாய் குரைத்து ஒருவர் திரும்பியிருக்கிறார், பால்காரர் மணி அடித்து ஒருவர் எழுந்திருக்கிறார். எல்லாவற்றையும் விட்டிருக்கிறேன். ஒருவன் தன் மனைவியின் முகத்தைப் பார்ப்பதற்காகத் திரும்பிய மூன்று விநாடியை மட்டும் என்னால் விட முடியவில்லை. காரணம் என்ற கட்டத்தில் 'பார்சல் காட்சியிலிருந்து விலகியது' என்று தட்டினேன்.

அழுத்துவதற்கு முன் திரையில் சிவப்பு வரி ஒன்று வந்தது. ஆறு மாதத்துக்குள் உனக்கு இது மூன்றாவது நிராகரிப்பு, இணையத்தில் உன் கடைப் பக்கம் நிறுத்தப்படும் என்று. படித்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

நேற்று நீ பேசியதெல்லாம் காதிலேயே நிற்கிறது. கட்டுப் பிரிக்காத பெட்டிகளைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாய். "மூணு செகண்டாம்டி ஜெஸி. மூணு செகண்டுல கண்ணாடிய மாத்தி வெக்க நான் இன்னா மேஜிக்காரியா?" என்றாய். "எவளோ ஒருத்தி ஏசி ரூம்ல குந்திகினு பாத்திருக்கா. அவ மூஞ்சிய இதுவரிக்கும் எவனும் போட்டோ புடிச்சிருக்க மாட்டான், அந்த வயித்தெரிச்சல்" என்று சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். நானும் சிரித்தேன். அட்டைப்பெட்டிக் கடைக்காரர்கூடச் சிரித்தார்.

கடை நின்றால் கிரிஷ் பெங்களூரில் பழைய கம்பெனிக்கே போய்விடுவான், விடியற்காலை ரயில்தான் என்றாய். அப்போது எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அந்த ரயிலில் நானும்தானே போகிறேன் என்று தோன்றியது. எந்தப் பெட்டியில் ஏறுவான் என்றுகூட யோசித்துவிட்டேன், உன் கை என் கையில் இருக்கும்போதே. நிராகரித்ததைவிட இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து காகிதம் எடுத்தது இதனால்தான்.

இனி சொல்வதைக் கவனமாகப் படி. "அப்பீல் பண்ணா மட்டும் இன்னா, அதே மூதேவிதான குந்திகினு இருப்பா" என்றாய். அப்படி இல்லை. மேல்முறையீடு வேறொருவரிடம் போகும். வியாழக்கிழமை வரை நேரம் இருக்கிறது. வீடியோவில் மூன்றாவது நிமிடம் இருபதாவது விநாடியை நிறுத்திப் பார். கண்ணாடியின் பின்பக்கக் கம்பி வளைந்திருக்கிறது, அதில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருக்கிறது. வாங்கியவர் அதைச் சுவரில் மாட்டிக் கழற்றியிருக்கிறார். சட்டத்தின் பின்னால் கிரிஷ் பென்சிலில் எழுதிய எண்ணும் தெரிகிறது, நீ அனுப்பியபோது எடுத்த படத்திலும் அதே எண்தான். இந்த இரண்டையும் எழுது. அந்த மூன்று விநாடிக்கு முன்னும் பின்னும் பார்சலின் டேப் ஒரேமாதிரி இருப்பதையும் எழுது. விரிசலோடு கண்ணாடியை அப்படியே வைத்திரு, தூக்கிப் போட்டுவிடாதே. இதெல்லாம் அன்றைக்கே என் கண்ணில் பட்டவை.

இன்று காலை என் மேலதிகாரி மம்தாவிடம் நான் செய்ததைச் சொல்லிவிட்டேன். ஆறு நிமிட வேலைக்கு இருபத்தேழு நிமிடம் எடுத்துக்கொண்டதை அவர் ஏற்கெனவே கவனித்திருந்தார். தோழி என்றேன், மற்றதைச் சொல்லவில்லை. என்ன செய்வதென்று யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். நீ மேல்முறையீட்டில் என் பெயரை எழுதினாலும் எழுது. எனக்கு வருத்தம் இல்லை.

கிரிஷிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் மறைப்பதும் உன் இஷ்டம். காட்டாமல் இருந்தால் நன்றி சொல்வேன்.

நீங்கள் இருவரும் அந்த வீட்டிலேயே, ஒரே கூரையின் கீழ், கண்ணாடி செய்துகொண்டும் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டும் நெடுநாள் இருக்க வேண்டும். இப்படி வேண்டிக்கொள்ள எனக்கு நான்கு நாள் ஆகியிருக்கிறது, ஆனாலும் வேண்டிக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் புத்தகம் உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும்.

என்றும் உன்,
ஜெசிந்தா

(இந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. கீழே உள்ளதை அதன் அடியில் பின்னால் எழுதினேன்.)

பல்லவி புதன்கிழமையே மேல்முறையீடு அனுப்பினாள். என் பெயரை எழுதவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அது ஏற்கப்பட்டது, கடை நிற்கவில்லை. கிரிஷ் ரயிலில் வரவில்லை. என்னை முகவரி சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

மூன்று வாரம் கழித்து எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. ஆறு பக்கமும் டேப் ஒட்டி, அனுப்புநர் இடத்தில் பல்லவியின் கையெழுத்து. உள்ளே குமிழித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, பழுப்பு அட்டையோடு அந்தப் புத்தகம் இருந்தது. கடிதம் இல்லை. சேதம் எதுவும் இல்லை.