குச்சியில் ஆறு லிட்டர்

7 அக்டோபர் 1963, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது எங்கள் எண்ணெய்க் கடை வேன் வாசலில் நின்றது. ஏறி உட்கார்ந்து பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். பாதி. காலையிலும் பாதிதான். நடுவில் வேன் அனந்தபுரம் போய் எண்ணெய் டின்களை இறக்கிவிட்டு வந்திருக்கிறது. பெட்ரோல் குடிக்காமலா போய் வந்தது?

டிரைவர் இளையபெருமாளிடம் கேட்டேன். “அது சாமி படம் மாதிரி பாப்பா. கும்புட்டுக்கலாம். வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லாது” என்றான்.

பிறகு எப்படித் தெரியும்? டிரைவர் சீட்டைத் தூக்கினான். அடியில் பெட்ரோல் டாங்கியின் மூடி. அதைத் திருகி எடுத்து ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டு எடுத்தான். எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறதோ அவ்வளவு பெட்ரோல். குச்சியில் எட்டு வெட்டுகள், வெட்டுக்கு ஒரு காலன். காலன் கணக்கில் விற்ற காலத்தில் அவனே வெட்டியதாம். “மொத வெட்டுக்குக் கீழ நனஞ்சா ஊரத் தாண்டக் கூடாது. அவ்ளோதான் கணக்கு.”

9 அக்டோபர், புதன்

குச்சியை வாங்கி அடிக்கோலால் அளந்தேன். அடியிலிருந்து கடைசி வெட்டு வரை பன்னிரண்டு அங்குலம். ஆனால் வெட்டுகளில் ஒழுங்கே இல்லை. முதல் வெட்டு இரண்டேகால் அங்குலத்தில். அடுத்தது ஒன்றரைகூட இல்லை. நடுவில் இன்னும் நெருக்கம். மேலே போனால் மறுபடி அகலம். ஒரே அளவுள்ள எட்டு காலன் ஒவ்வொன்றும் எப்படி ஒவ்வொரு உயரம் ஆகும்? அளக்கும் கோடுகள் சம இடைவெளியில் இருக்க வேண்டும் என்று சயின்ஸ் டீச்சர் முதல் வாரத்திலேயே சொன்னார்.

பாவம், படிக்காதவன். கண்ணளவில் வெட்டியிருக்கிறான்.

12 அக்டோபர், சனி

புதிய குச்சி செய்துவிட்டேன். எட்டு காலன் என்றால் ஏறக்குறைய முப்பத்தாறு லிட்டர். பன்னிரண்டு அங்குலத்துக்கு முப்பத்தாறு லிட்டர், ஓர் அங்குலத்துக்குச் சரியாக மூன்று! கணக்கு இவ்வளவு அழகாக வந்ததில் சோறு இறங்கவில்லை. பேனாக்கத்தியால் முப்பத்தாறு கோடு கீறி மசி தடவினேன்.

இளையபெருமாள் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்குது” என்று சிரித்தான். “பாப்பா படிச்சது. சரியாத்தான் இருக்கும்.”

பழைய குச்சியை வெந்நீர் அடுப்பில் வைத்தேன். இரண்டு இருந்தால் குழப்பம்.

17 அக்டோபர், வியாழன்

டாங்கி காலியானபோது பதினெட்டு லிட்டர் போடச் சொல்லிக் குச்சியை விட்டுப் பார்த்தோம். சரியாக ஆறு அங்குலம். பதினெட்டாவது கோடு!

நோட்டில் ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன். லிட்டருக்கு நாலு மைல் என்று வைத்து, எத்தனையாவது கோடு நனைந்தால் எத்தனை மைல் போகலாம் என்று. நைனா அதைக் கடையில் ஒட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். “எங்க சாரதா போட்டது.” குச்சியும் நான் செய்ததுதான் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

21 அக்டோபர், திங்கள்

நாளைக்குச் சித்தப்பாவுக்கு மெட்ராஸில் ரயில்வே வேலை இன்டர்வியூ. ஊரே தெரிந்துகொண்டு விட்டது. விடியற்காலை திண்டிவனத்தில் ரயிலைப் பிடிக்க வேண்டும். வேனில் போகிறார்.

சாயங்காலம் குச்சி இரண்டு அங்குலம் நனைந்தது. ஆறு லிட்டர், இருபத்து நாலு மைல். திண்டிவனம் பதினேழு மைல்தான். இளையபெருமாள் சீட்டுக்கடியில் கையை விட்டு டாங்கியைத் தட்டிப் பார்த்தான். “சத்தம் வேற மாதிரி கேக்குது பாப்பா. பெட்ரோல் பங்குக்குப் போய்ட்டு வந்துடட்டா?” என்றான். பங்கு மூடுகிற நேரம். திரும்பி வரும்போது திண்டிவனத்திலேயே போட்டுக்கொள்ளலாமே என்றேன். அட்டவணையையும் காட்டினேன். நைனா கடைக்குள்ளிருந்து, “எவ்ளோடா இருக்குது?” என்று கேட்டார். “ஆறு லிட்டருங்க மொதலாளி” என்றான்.

நான் சொன்னதைத்தான் சொன்னான்.

22 அக்டோபர், செவ்வாய்

திண்டிவனத்துக்கு மூன்றரை மைல் இருக்கும்போது வேன் நின்றுவிட்டது. டாங்கியில் ஒரு சொட்டு இல்லை. சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் போய்ச் சேர்ந்தபோது கதவை மூடிவிட்டார்களாம்.

எப்படி? கணக்கு சரிதானே? எப்படி?

23 அக்டோபர், புதன்

நைனா இளையபெருமாளைப் பங்குக்கே கூட்டிக்கொண்டு போய் எல்லோர் முன்னாலும் திருடன் என்றாராம். வீட்டு வாசலுக்கு வந்தும் விடவில்லை. கையில் என் குச்சி.

“ஆறு லிட்டருன்னு நீதான சொன்ன? பதிமூணர மைலுக்கு மூணர லிட்டர் கூட ஆவாது. மிச்சம் எங்கடா? எவன் வண்டிக்கு ஊத்தின?”

“குச்சில அப்படித்தான் காட்டிச்சிங்க மொதலாளி.”

“குச்சி ஏது உனுக்கு இது? பழசு எங்க?”

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவன் என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம்தான்.

“நானே சீவினதுங்க” என்றான்.

சாவியை வாங்கிக்கொண்டு நைனா போகச் சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? பயம் என்று எழுதலாம். ஆனால் அது மட்டுமில்லை. அப்போது எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது – கணக்கு சரியென்றால் அவன் எடுத்துத்தான் இருப்பானோ என்று.

29 அக்டோபர், செவ்வாய்

புது டிரைவர் தாண்டவராயன். குச்சியெல்லாம் பார்ப்பதில்லை, தினமும் டாங்கியை நிரப்பிவிடுகிறான். சித்தப்பா யாரோடும் பேசுவதில்லை.

3 நவம்பர், ஞாயிறு

வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பென்சில் உருண்டு வேனுக்கடியில் போய்விட்டது. குனிந்தேன்.

டாங்கி பெட்டி இல்லை. உருண்டை. நைனா கடையில் பீப்பாயைப் படுக்கப் போட்டிருப்பார்களே, அதே மாதிரி வேனின் வயிற்றில் படுத்திருக்கிறது.

நான் ஒரு நாள்கூடக் குனிந்து பார்க்கவில்லை.

4 நவம்பர், திங்கள்

பால்பவுடர் டப்பாவைப் படுக்கவைத்து மேலே ஓட்டை போட்டேன். மருந்து கிளாஸால் ஒவ்வொரு கிளாஸாகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஈர்க்குச்சியை விட்டு அடையாளம் வைத்தேன். அடியில் இடைவெளி அகலம். நடுவில் நெருக்கம். மேலே மறுபடி அகலம்.

அடுப்பில் வைத்த குச்சி அப்படியே திரும்பி வந்துவிட்டது.

அடியில் டாங்கி குறுகல். இரண்டு அங்குலம் நனைந்தாலும் அங்கே நாலு லிட்டர்கூட இருந்திருக்காது. நான் சோதித்தது சரிபாதியில். உருண்டையில் சரிபாதி மட்டும்தான் என் கோட்டோடு ஒத்துப்போகும். அவன் கண்ணளவில் வெட்டவில்லை. ஒவ்வொரு காலனாக ஊற்றி, நனைந்த இடத்தில் வெட்டியிருக்கிறான். படிக்காதவன் என்று எழுதியிருக்கிறேன். பக்கத்தைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை, இருக்கட்டும்.

8 நவம்பர், வெள்ளி

இன்று சொல்லலாம் என்று கடைக்குப் போனேன். ஆட்கள் இருந்தார்கள். வந்துவிட்டேன்.

11 நவம்பர், திங்கள்

இன்றும் இல்லை.

15 நவம்பர், தீபாவளி

வருடா வருடம் டிரைவருக்கு ஒரு வேட்டி எடுப்போம். இந்த வருடம் அது தாண்டவராயனுக்குப் போனது. எனக்குப் பச்சைப் பட்டுப் பாவாடை. உடுத்திக்கொண்டேன். எல்லோரும் அழகு என்றார்கள்.

17 நவம்பர், ஞாயிறு

சொல்லிவிட்டேன். டப்பா, கிளாஸ், ஈர்க்குச்சி எல்லாவற்றையும் நைனா முன்னால் வைத்து ஊற்றிக் காட்டினேன். குச்சி நான் செய்தது என்றேன். பழையதை எரித்ததும் நான்தான் என்றேன். பாதித் தண்ணீர் பாயில் கொட்டிவிட்டது.

நைனா அடிக்கவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். “படுத்த பீப்பாய்ல தெனம் குச்சி வுட்டுப் பாக்கறவன் நானு. எனக்குத் தோணலையே” என்றார்.

அப்புறம், “யார்கிட்டனா சொன்னியா?”

“இல்ல நைனா.”

“சொல்லாத. பங்குல நிக்க வச்சித் திருடன்னு சொன்னவன் நானு. இப்பப் போய் மாத்திச் சொன்னா கடத்தெருவுல எவன் மதிப்பான்?”

சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை.

24 நவம்பர், ஞாயிறு

அம்மா சிங்கவரம் கோவிலுக்குப் போனாள், நானும் போனேன். மலையிலிருந்து இறங்கும்போது கீழே மல்லாட்டைக் கொல்லையில் ஆட்கள் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இளையபெருமாள். வண்டி ஓட்டின கை முழுக்க மண். அம்மாவைப் படியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு வரப்பில் போனேன்.

அவர் மனைவி காத்தாயிதான் முதலில் பார்த்தாள். “இன்னாம்மா, மிச்ச பெட்ரோலு எங்க வூட்ல இருக்குதான்னு பாக்க வந்தியா? போய்ப் பாரு, கொழம்புச் சட்டில இருக்கும்.” கொல்லையே சிரித்தது.

“வுடு புள்ள” என்றார் அவர்.

தப்பு என்னுடையது என்றேன். டாங்கி உருண்டை என்று பார்க்கவில்லை, நைனாவிடமும் சொல்லிவிட்டேன் என்றேன். செடியை உதறிக்கொண்டே கேட்டார். “மொதலாளி இன்னா சொன்னாரு?” நான் குனிந்து வரப்பைப் பார்த்தேன். தலையை ஆட்டிக்கொண்டார், தெரிந்த பதில்போல.

“அன்னிக்கு ஏன் என் பேரச் சொல்லல?” என்று கேட்டேன். என்மேல் பிரியத்தால் என்று சொல்வார் என நினைத்தேனோ?

“சொன்னா மட்டும்? பெட்ரோலும் திருடிட்டு மொதலாளி பொண்ணு மேல பழியும் போடறான்னு ஆயிருக்கும். ஒண்ணு இருந்த எடத்துல ரெண்டு.” பிறகு சொன்னார்: “தட்டிப் பாத்தப்பவே சத்தம் தெரிஞ்சிது பாப்பா. தெரிஞ்சும் ஏறி உக்காந்தேன் பாரு, அது என் தப்பு.”

நைனாவிடம் உங்களைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடச் சொல்கிறேன் என்றேன்.

“நீ சொன்னா நீ நல்ல பொண்ணுன்னு ஆவும். என் பேரு எங்க போச்சோ அங்கதான திரும்பி வரணும்?” என்றார். “பங்குல.”

காத்தாயி கூடையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். இடிக்கவில்லை. ஆனால் நான்தான் வழியில் நின்றிருந்தேன்.

25 நவம்பர், திங்கள்

அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் நைனாவிடம் சொன்னேன். சாயங்காலம் பார்த்தால், கடைச் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைக் காணோம்.

8 டிசம்பர், ஞாயிறு

இன்று காலை நைனா, “பொறப்படு, டப்பாக் கணக்க அங்க வந்து காட்டு” என்றார். பங்குக்கு வேனில் போனோம். இளையபெருமாளுக்கு முந்தின நாளே ஆள் அனுப்பியிருந்தார் போலிருக்கிறது. தோளில் துண்டோடு ஓரமாக நின்றிருந்தார். லாரிக்காரர்கள், பங்கு ஆட்கள், டீக்கடையில் இருந்தவர்கள், எல்லோரும் வந்துவிட்டார்கள்.

டாங்கியைச் சுத்தமாக வடித்து, லிட்டர் லிட்டராக ஊற்றினோம். ஒவ்வொன்றுக்கும் என் குச்சியை விட்டு நான் உரக்கப் படித்தேன். நாலாவது லிட்டருக்கு இரண்டு அங்குலத்தைத் தாண்டியது. குச்சியில் என் மசிக்கோடு ஆறு என்றது.

ஒருவன் சிரித்தான். “பொண்ணு போட்ட கணக்குக்கா அவன வெரட்டினீங்க?”

“ஆமா” என்றார் நைனா. “அன்னிக்கு இங்க நான் சொன்னது தப்பு. இவன் ஒரு சொட்டு எடுக்கல.” பிறகு சாவியை நீட்டினார். “வண்டிய எடு இளையபெருமாளு.”

அவர் கையை நீட்டவில்லை. “இருக்கட்டுங்க மொதலாளி. அரிசி மில்லு லாரிக்கு ஒத்துக்கினேன். இத்தச் சொன்னதே போதும்.” துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது நைனா ஒரே ஒரு முறைதான் பேசினார். “உங்க சித்தப்பனுக்கு நீயே போய்ச் சொல்லு.” போய்ச் சொன்னேன். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

11 ஜனவரி 1964, சனி

டியூஷன் முடிந்து வரும் வழியில் பங்கில் மில் லாரி நின்றது. இளையபெருமாள் டாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அதைத் துடைத்து நீட்டினார். “புதுசா வெட்டினேன். கோடு சரியா இருக்குதா பாரு.”

வாங்கிப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை எல்லா வெட்டும் ஒரே இடைவெளி. என் குச்சி மாதிரியே.

பையைக் கீழே வைத்துவிட்டு, மண்டி போட்டு லாரிக்கடியில் தலையை விட்டேன். டாங்கி சதுரப் பெட்டி. நாலு மூலையையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

“சரியா இருக்குதுங்க” என்றேன்.

“ம்” என்று குச்சியை வாங்கிக்கொண்டார்.

பாவாடை முழுக்கக் கரி. அம்மா ஏன் என்று கேட்டாள். சொன்னேன்.