நூற்றுப் பதினெட்டு கிலோ வெல்லம்

அன்பு மகள் இளமதிக்கு, சிங்கப்பூர் செம்பவாங்கிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளை ஸ்ரீநாத்தும் உன் வயிற்றில் இருக்கும் புது ஆளும் சுகமாக இருக்க முருகன் துணை நிற்கட்டும். பன்னிரண்டு வார ஸ்கேன் நன்றாக வந்தது என்று நீ சொன்னதும் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன் அல்லவா, கோபமில்லை மதி, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உன் அம்மா கதவைத் தட்டி, குளிக்கிறீங்களா அழுவுறீங்களா, ஏதாவது ஒண்ணு செய்யுங்க என்றாள். வெளியே வந்து பார்த்தால் அவளும் அழுதுகொண்டுதான் நின்றாள், அப்புறம் இரண்டு பேரும் சிரித்தோம்.

இப்போது வெல்லச் சேதி. மூன்று வருஷத்துக்கு முன்னால், எடையைக் குறைத்தால்தான் குழந்தைக்கான சிகிச்சையைத் தொடங்கலாம் என்று உன் டாக்டர் சொன்ன அன்றே அம்மா வேண்டிக்கொண்டாள், கரு தங்கினால் உன் எடைக்கு எடை வெல்லம் கோயில் மடப்பள்ளிக்குக் கொடுப்பதாக. அன்றைக்கு நீ நூற்றுப் பதினெட்டு கிலோ. பிறகு இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாய், சிகிச்சைக்குப் போகும்போது எழுபத்தொன்பது. எந்த எடைக்கு வெல்லம் கொடுப்பது என்று வீட்டில் ஒரு வாரம் யுத்தம். இப்போதைய எடை போதும் என்றார் குருக்கள். சாங்கி விமான நிலையக் கார்கோவில் முப்பது வருஷம் சரக்கை எடை போட்டே பிழைத்தவன் நான், தராசு காட்டுவதுதான் எடை என்றேன். அம்மாவோ, வேண்டிக்கிட்டது நானு, சாமிகிட்டயே டிஸ்கவுண்ட் கேக்குறீங்களா என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

கடைசியில் என் கணக்கே ஜெயித்து, சனிக்கிழமை நானும் அம்மாவும் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் இப்ராஹீம் கடையில் எழுபத்தொன்பது கிலோவை நிறுத்து அடுக்கியாயிற்று. வண்டியில் ஏற்றப் போனவன் மூட்டையைக் கீழே வைத்துவிட்டேன். நீ வந்திருந்த அந்தத் தீபாவளி ஞாபகம் வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் நடுவில் உன் தட்டை நான் எடுத்தேன், இன்னும் தின்னா புள்ள எங்க தங்கும் என்று வேறு கேட்டேன். கை கழுவ எழுந்தவள் நீ திரும்பி வரவேயில்லை. ஆபரேஷன் என்றபோதும் போனில் கத்தினேன், முப்பத்தாறு வயசாச்சு, உடம்பு நிலைக்க இன்னும் ஒண்ணரை வருஷம் பொறுக்கணுமாம், காலம் ஓடிடாதா என்று. நீ பொறுத்தாய். நாலு ஸ்பூன் சோறும் வைட்டமின் மாத்திரையுமாகப் பொறுத்தாய், முதல் தடவை கரு தங்காமல் போனபோதும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பொறுத்தாய். சொன்னால் நான் என்ன பேசுவேன் என்று உனக்குத் தெரியும். தப்பு என்னுடையதுதான், மன்னித்துவிடு மதி.

இன்னும் முப்பத்தொன்பது கிலோ போடுங்க என்றேன். அங்கிள், பாயாசக் கடை தொறக்கப் போறீங்களா, சொல்லவே இல்ல லா என்றார் இப்ராஹீம். அந்த முப்பத்தொன்பதும் நீதான் மதி, அதைத்தானே நான் எல்லார் முன்னாலும் விரட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், நடு மார்க்கெட்டில், இந்த வயதில், எனக்கு வெட்கமாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை கோயிலில் சர்க்கரைப் பொங்கல் ஊருக்கே கிடைத்தது, எனக்குச் சர்க்கரை வியாதி என்று அம்மா அரை ஸ்பூன்தான் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக் கமலா உன்னை ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடச் சொல்கிறார், கேட்காதே, உன் டாக்டர் சொல்கிற அளவுதான். மெதுவாக மென்று சாப்பிடு, இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, ரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் போ. ஸ்ரீநாத்தைத் துணி காயப்போடச் சொல், அவருக்கும் கை இருக்கிறது.

ஒரு குறையும் இல்லாமல் பெற்றெடுத்து, பிள்ளையும் நீயும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். பிள்ளையோடு வரும்போது நான்தான் உனக்குப் பரிமாறுவேன், ஞாபகம் வைத்துக்கொள். போதும் என்று நீ சொல்லும்வரை போடுவேன், நீ சொன்னதும் நிறுத்திவிடுவேன், நடுவில் வாயே திறக்க மாட்டேன்.

உன் அப்பா,
துரைசாமி