அங்கியின் கீழ்மடிப்பு

பிப்ரவரி 3

என் சிட்டுக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்டால் “ம்” என்று ஒரே எழுத்தில் பதில் போடுவாய், அதனால் கேட்கவில்லை. விடுதி அறை ஜன்னலின் அளவை அனுப்பு என்று எத்தனை தடவை எழுதுவது? திரைச்சீலைக் கடையில் வேலை பார்க்கிறவளின் மகள் ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டி வைத்திருக்கிறாள் என்று முதலாளியம்மாவுக்குத் தெரிந்தால் என் மானம் கப்பலேறிவிடும்.

தோள்பட்டை வலி அப்படியேதான். கம்பி மாட்ட ஏணியில் ஏறி இறங்கினால் மறுநாள் கையைத் தூக்க முடிவதில்லை. “தைல வாசனை வந்தாச்சு, அக்கா வர்றாங்க” என்று போதகர் கேலி செய்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் நம் சபையில் ஞானஸ்நானம். அப்பா உன் பெயரைக் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை, உன்னை எங்கே கேட்கப்போகிறார்? சாப்பாட்டு மேசையில் “எனக்கு இதெல்லாம் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனாயே, அன்றிலிருந்து உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். சபைப் பொறுப்பில் டீக்கனாக இருக்கிறவரின் மகளே இன்னும் தண்ணீரில் இறங்கவில்லை என்று பின்வரிசையில் பேச்சு. “அவ முழுக்கு எடுக்கட்டும், அப்புறம் பேசறேன்” என்கிறார். நீ ஒரு பிடிவாதம், அவர் உனக்கும் மேலே. நடுவில் நான் கிடந்து அல்லாடுகிறேன்.

வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். கைக்குழந்தைக்குத் தண்ணீர் தெளித்து வேலையை முடித்துக்கொள்கிற சபை இல்லை நம்முடையது. அவரவர் நம்ப வேண்டும், அவரவர் வாயால் சபைக்கு முன் சாட்சி சொல்ல வேண்டும். பிறகு உன்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அங்கத்தினர்கள் சம்மதம் என்று கை தூக்குவார்கள். ஒரு கை குறைந்தாலும் தள்ளிப்போகும். அப்படி யாருக்கும் நடந்ததில்லை, பயப்படாதே.

வந்துவிடு, கண்ணு. மேசையில் மூன்று தட்டு வைத்து எவ்வளவு காலமாகிறது.

அம்மா


பிப்ரவரி 15

அம்மாவுக்கு,

“ம்.” நலம்தான்.

ஜன்னலுக்குச் செய்தித்தாளே போதும். நீ ஏற்கெனவே ஏறுகிற ஏணி போதாதா?

உன் கடிதத்தை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், வேலைக்கு நடுவிலேயே படித்தேன். கோபம் வந்தது. அப்புறம் அந்த மூன்று தட்டு வரியைப் படித்ததும் கோபப்படக்கூட முடியவில்லை. இப்படி எழுத எங்கே கற்றுக்கொண்டாய்?

அம்மா, உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. எனக்குள் அந்த நம்பிக்கை இல்லை. தேடிப் பார்க்காமல் சொல்லவில்லை. நீ ஜெபம் செய்யும்போது உன் முகத்தைப் பார்த்திருக்கிறேன், அது பொய் இல்லை என்று தெரியும். ஆனால் எனக்கு அது வரவில்லை. தண்ணீரில் இறங்கினால் நனைந்து எழுந்து வருவேன், அவ்வளவுதான்.

உனக்கு இது வேண்டும் என்றால் வருகிறேன். அப்பாவுக்காக இல்லை, உனக்காக மட்டும். சாட்சி என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. நீயே எழுதி அனுப்பு.

சிட்டு


மார்ச் 2

என் தங்கத்துக்கு,

வருகிறேன் என்றாயே, அதைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வாடிக்கையாளர் பச்சைத் துணி கேட்க, நான் நீலத்தைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். முதலாளியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திட்டாமல் விட்டுவிட்டாள். அதற்கு முன்னால் நீ எழுதியிருந்ததையும் படித்தேன். படிக்காததுபோல் மடித்து வைத்தேன். ஆண்டவர் தண்ணீரில் வைத்து மீதியைப் பார்த்துக்கொள்வார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

முழுக்குக்கு நீ போடும் அங்கியைத் தைக்க ஆரம்பித்துவிட்டேன். நல்ல வெள்ளைத் துணி, கடையில் மிச்சமானது. தண்ணீரில் மேலே மிதந்து வராமல் இருக்க, கீழ்மடிப்பில் சின்னச் சின்ன ஈய வில்லைகளை வைத்துத் தைக்கிறேன். திரைச்சீலை காற்றில் பறக்காமல் இருக்க வைக்கிறோமே, அதேதான். சபையில் எல்லாருடைய அங்கியையும் இந்தக் கைதான் தைத்தது. உன்னுடையதை மட்டும் இரண்டு முறை பிரித்துத் தைத்துவிட்டேன்.

சாட்சியும் இதனுடன் வைத்திருக்கிறேன். நான்கே வரி. விடுதி அறையில் தனியாக அழுதுகொண்டிருந்தபோது யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது, பயம் விட்டுப்போனது, அது இயேசு என்று புரிந்தது என்று சொன்னால் போதும். நிறுத்தி நிதானமாகச் சொல்.

அப்பா உன் கட்டிலைத் துடைத்துப் போட்டார். நான் பார்த்ததைக் கவனித்துவிட்டு, “தூசி” என்றார்.

அம்மா


ஏப்ரல் 8

அம்மாவுக்கு,

விடுதிக்கு வந்து சேர்ந்தேன்.

நீ எழுதிக் கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். ஆமென் என்றார்கள், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அப்புறம் பக்கத்து அறையில் உட்காரச் சொன்னார்கள். உன் அங்கி ஆணியில் தொங்கியது. பின்னால் முழுக்குத் தொட்டி நிரம்பும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போதகர் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், “கொஞ்ச நாள் பொறுப்போம்மா” என்றார்.

கை தூக்காதது யார்? சபைப் பொருளாளரின் மனைவியா? என் முடி வெட்டைப் பார்த்ததுமே அந்த அம்மாவுக்கு முகம் கோணிவிட்டது. எனக்குப் பிடிக்காததை உனக்காக விழுங்கிக்கொண்டு வந்து நின்றேன். என்னைப்போய் வேண்டாம் என்று சொல்ல அவர்கள் யார்? அப்பா பேருந்து நிலையம்வரை வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நீ வாசலோடு நின்றுவிட்டாய், அதுதான் எனக்கு ஆறவில்லை.

இனி அந்தக் கட்டடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். கை தூக்காதது யார் என்று எழுது. எழுதாவிட்டால் உன் கடிதத்துக்கும் பதில் வராது.

சிட்டு


ஏப்ரல் 12

சிட்டு,

நான்தான்.

இதற்குமேல் படிக்காமல் கிழித்துப் போட்டாலும் உன்மேல் தப்பில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நீ பிறப்பதற்கு முன்னால், கடையின் பின்னறையில், துணிக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து நான் ஒரு நாள் அழுதேன். யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதை நான் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. என்னிடம் இருப்பதிலேயே பெரியது அதுதான். கடை என்பதை விடுதி என்று மாற்றி உன் கையில் கொடுத்தேன். நீ நிறுத்தி நிதானமாக அதைச் சொன்னபோது சபையே உருகியது, அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் அப்போதுதான் உறைத்தது. என் பிள்ளையை, எனக்குக் கிடைத்ததை வைத்தே, ஆண்டவர் முன்னால் பொய் சொல்ல வைத்துவிட்டேன்.

உன்னை வெளியே அனுப்பினார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது, பொருளாளர் மனைவியின் கைதான் முதலில். அந்த அம்மாவை மனதில் திட்டியிருந்தால் திருப்பி வாங்கிக்கொள். என் கை மடியிலேயே கிடந்தது. போதகருக்கு என்மேல் பாசம். “என்னக்கா, தோள் வலிக்குதா?” என்று கேட்டார். ஆமாம் என்றிருந்தால் என் கையையும் சேர்த்து எண்ணி முடித்திருப்பார். அப்பா டீக்கன்கள் வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “கை நல்லாத்தான் இருக்கு பாஸ்டர். நான் தூக்கல. அவளுக்கு இன்னும் நேரம் வேணும்” என்றேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உன்னைக் காட்டிக் கொடுத்திருக்க மாட்டேன்.

நீ புறப்பட்டபோது உன் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. அன்று இரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் எழுதிக் கொடுத்ததையும் சேர்த்து. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தன் தட்டைத் தானே கழுவிக்கொள்கிறார். நேற்று மட்டும் சுவரைப் பார்த்து, “அவ நல்லபடியா போய்ச் சேர்ந்தாளா?” என்றார். உன்னைப் பற்றி அவராகக் கேட்டது இதுதான் முதல் தடவை.

நான் இன்றைக்கும் உனக்காக ஜெபம் செய்கிறேன், மறைக்க மாட்டேன். நீ ஒரு நாள் வருவாய் என்ற ஆசையும் போகவில்லை. ஆனால் எனக்காக வராதே.

ஈயவில்லைகளைப் பிரித்தெடுத்துவிட்டேன். அங்கி மடித்தபடி கிடக்கிறது. உன் உயரத்துக்குத் தைத்தது, வேறு யாருக்கும் ஆகாது.

அம்மா


ஏப்ரல் 27

அம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் நினைத்தேன். நாலு நாள் உன்னோடு மனதுக்குள்ளேயே சண்டை போட்டேன். வேலைக்கு நடுவில்கூடப் போட்டேன், ஒரு குப்பியை உடைத்தேன். அப்புறம் நீ எழுதியதைத் திரும்பப் படித்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அப்பாவும் பார்த்துக்கொண்டிருக்க, “கை நல்லாத்தான் இருக்கு” என்றாயாமே. எனக்கு நம்பிக்கை இல்லை என்று நான் எழுதியதை அப்படியே நம்பி நின்றது அங்கே நீ ஒருத்திதான்.

கோபம் முழுக்கப் போகவில்லை. போகும்.

என் ஜன்னல் மூன்றடி அகலம், நாலரை அடி உயரம். அந்த அங்கித் துணி போதும் என்று நினைக்கிறேன், பிரித்துத் தைத்துவிடு. ஈயவில்லைகளையும் திரும்ப வை, இங்கே காற்று பலம். அப்பாவையே கொண்டு வந்து மாட்டச் சொல். நீ ஏணியில் ஏறாதே.

சிட்டு