எட்டாம் கிரீனுக்குக் கவாத்து

பிப்ரவரி 11, செவ்வாய்

எட்டாம் நம்பர் கிரீனில், குழியைச் சுற்றியுள்ள புல்தரையில், இன்றும் பந்து குழிக்குப் போகாமல் பாதி வழியில் நின்றுவிட்டது. "இது கிரீனா, வைக்கோல் போரா?" என்றார் ஆட வந்தவர். சிரித்து வைத்தேன். இந்த ரிசார்ட் கோல்ஃப் மைதானத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் நானே ஒவ்வொரு கணுவாக நட்ட புல் அது. அடர்ந்து கிடப்பதைப் பார்த்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. வாடிவிடக் கூடாதே என்று நேற்றுகூடக் கொஞ்சம் யூரியா போட்டேன்.

பிப்ரவரி 17

மேனேஜர் சுந்தர்ராஜ் ஒரு பிளாஸ்டிக் புல் துண்டை மேசையில் போட்டார். "ஈஸ்டர் லீவுக்குள்ள எட்டாம் நம்பர் சரியாகலன்னா, பேத்தெடுத்துட்டு இதத்தான் விரிக்கணும் ஷீலாம்மா. ஓனர் சொல்லிட்டாக."

பிளாஸ்டிக்! என் புல் இருந்த இடத்தில்.

பிப்ரவரி 19

சாப்பாட்டை மறந்துவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் தூக்குவாளியோடு வந்தார். சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் பார்க்கிற பொன்னுராஜுக்குப் புல்லைப் பற்றி என்ன தெரியும்? செருப்பைக் கழற்றிவிட்டுக் கிரீனில் நடந்து பார்த்தார்.

"மெத்தையா அமுங்குது. தரை எங்கன இருக்கு?"

இடுப்பிலிருந்த கத்தியால் ஓரமாக ஒரு துண்டு வெட்டி எடுத்தார். மேலே பச்சை. கீழே இரண்டு விரற்கடைக்குச் செத்த புல், பழுப்பாக ஊறிப்போய். வேர் மண்ணுக்கே போகாமல் அதற்குள்ளேயே சுருண்டு கிடந்தது.

"கொடிய வெட்டிக் கவாத்துப் பண்ணாம விட்ட பந்தலும் இப்பிடித்தான். இலை அடையும், பழம் இருக்காது. நீ தீனி போட்டே கெடுத்துருக்க."

என் கிரீனில் கத்தி வைத்த மனிதரோடு எனக்குப் பேச்சில்லை.

பிப்ரவரி 20

பேசவில்லை. குழம்பில் உப்பும் போடவில்லை. நல்லாருக்கு என்று சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சர்ச்சில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். தோட்டத்தில் கவாத்து என்றால் அன்றைக்கு நான் அனுமந்தன்பட்டிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். கொடிகள் ஒரு இலைகூட இல்லாமல் நிற்பதை என்னால் பார்க்க முடியாது. அவர் சொன்னது சரியாக இருந்தால்? சரிதான் — வெட்டிக் காட்டிய அன்றே தெரியும். ஒத்துக்கொள்ளத்தான் நாலு நாள் ஆயிற்று.

மார்ச் 3

சுந்தர்ராஜிடம் சொல்லிவிட்டு எட்டாம் கிரீனில் கை வைத்தேன். முதலில் கீறும் மெஷின். கத்திகள் செங்குத்தாக இறங்கி, செத்ததையெல்லாம் வாரி வெளியே போட்டன. அடுத்து ஓட்டை போடும் மெஷின், விரல் விரலாக மண்ணைப் பிடுங்கிப் போட்டது. கூட வேலை பார்க்கும் அன்னத்தாய்க்கு அள்ளி மாளவில்லை.

"வளத்ததும் நீங்க, கொல்றதும் நீங்களாக்கா?"

அழுதுவிட்டேன். அவர் தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார். ஓட்டைகளுக்குள் மணலைப் பெருக்கித் தள்ளிக்கொண்டே இருந்தார். போகும்போது, "என்ன, இன்னைக்கு அம்மா வீட்டுக்குப் போகலியா?" என்றார். கையில் விளக்குமாறு இல்லாததால் தப்பித்தார்.

மார்ச் 14

மொட்டை. சுந்தர்ராஜ் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். என்ன காரியம்டி பண்ணிட்ட ஜெபஷீலா? யூரியா மூட்டைப் பக்கம் கை தானாகப் போகிறது. ஒரு பிடியோடு நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 21

ஓட்டைகளின் ஓரமெல்லாம் பச்சை.

ஏப்ரல் 17

சுந்தர்ராஜ் தானே மட்டையை வாங்கித் தட்டினார். பந்து இந்த ஓரத்திலிருந்து குழி வரை நிற்காமல் ஓடியது. "ஓடுதே ஷீலாம்மா," என்று இரண்டு தடவை சொன்னார்.

பிளாஸ்டிக் துண்டைக் கேட்டு வாங்கி வந்து வீட்டு வாசலில் கால்மிதியாகப் போட்டிருக்கிறேன். அவர் சேற்றுக் காலைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கும் யூரியா போடணுமா?" என்கிறார்.

மே 26

இன்று தோட்டத்தில் கவாத்து. நான் அனுமந்தன்பட்டிக்குக் கொண்டுபோகும் பையைக் காலையில் அவரே எடுத்து வைத்திருந்தார். அதைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுக் கத்தரியைக் கேட்டேன்.

முதல் கொடியைப் பிடித்தேன். "எத்தனை கணு விடணும்?"

"நாலு."

வெட்டினேன். திரும்பிப் பார்த்தால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"மொதக் கொடிய வெட்டையில எனக்கும் மனசு ஆகாது ஷீலா. பதினெட்டு வருசமா தனியா நின்னுதான் வெட்டுனேன்."

இரண்டாவது கொடியையும் நானே வெட்டினேன்.